‘கடவுட் பரம்பரையலகு’: ஒரு திறனாய்வு

மனிதனுடைய குணமும் செயலும் பிறப்பால் அமைவனவா, வளர்ப்பால் அமைவனவா என்னும் வினா மிகப் பழையது. தமிழர் அதற்கு ஒன்றுக்கொன்று மாறான இரு விடைகளைப் பழமொழி வடிவிற் பேணி வந்துள்ளனர். ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது ஒன்று. ‘பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும்’ என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூதாட்டி ஒரே நாளிற் கூறக் கேட்கின்றோம். கேட்பார் எவரும் வியப்பதில்லை. இரண்டிலும் உண்மையின் ஒவ்வொரு கூறு உண்டென்பதை வாழ்க்கை எல்லோர்க்கும் உணர்த்தியிருக்கின்றது.

ஆயின் அறிவியலின் பெயரால் அவ்விரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, அதனையும் மிகச் சுருக்கி, ‘இக்குணத்துக்கு இவ்வலகே காரணம்’ என்று பறைசாற்றும் வழக்கம் ஒன்று அண்மைக் காலத்திற் பரவியுள்ளது. வீரத்துக்கு ஓர் அலகு, வன்முறைக்கு ஓர் அலகு, புதுமை வேட்கைக்கு ஓர் அலகு என்று செய்தித்தாள்கள் அவ்வப்போது எழுதுகின்றன. அவ்வரிசையிற் பெரும் புகழ் எய்தியது, ஐக்கிய அமெரிக்க அறிஞர் டீன் ஹேமர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கடவுட் பரம்பரையலகு’ என்னும் ஆங்கில நூலாகும். அவ்வாண்டு ஒக்டோபரில் ‘ரைம்’ சஞ்சிகை இப்பொருளைத் தன் முகப்பிலேயே இட்டுச் சிறப்பித்தது. அந்நூலின் கருத்தை ஆராய்ந்து, அதிற் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைதூரத்து நூலொன்றைப் பற்றி நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று வாசகர் வினவலாம். கடவுள் நம்பிக்கை ஓர் அலகிலே தங்கியுள்ளது என்று ஒருவர் நம்பத் தொடங்கினால், கல்வி, ஒழுக்கம், சினம், சோம்பல் ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலகிலே தங்கியுள்ளன என்று நம்புவதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அந்நம்பிக்கை பள்ளிக்கூடத்துக்குள் நுழையுமாயின் அதனால் இழப்புறுவோர் மாணாக்கரே. ஆதலின் இவ்வாராய்ச்சி எம்மனோர்க்குப் புறம்பானதன்று.

நூல் கூறும் கோட்பாடு

பரம்பரையலகு என்பது நம் உடற் கலங்களில் உள்ள நிறமூர்த்தங்களில் அமைந்த டீ.என்.ஏ. இழையின் ஒரு பகுதி. தமிழகத்தார் இதனை மரபணு என வழங்குவர். பெரும்பாலும் ஒரு புரதத்தை ஆக்கும் முறை அப்பகுதியிற் பொறிக்கப்பட்டிருக்கும். மனிதரில் இத்தகைய அலகுகள் ஏறத்தாழ 20,000 உள்ளன. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது இப்பொறிப்பேயன்றிக் குணம் அன்று. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் வருவன யாவும் இதனையே பற்றி நிற்கும்.

ஹேமர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திற் பணிபுரிந்தவர். புகைப்பழக்கம் பற்றிய ஆய்வொன்றுக்காகத் திரட்டப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள், றொபேட் குளோனிங்கர் என்னும் உளமருத்துவ அறிஞர் வகுத்த 240 வினாக்கள் கொண்ட வினாக்கொத்தொன்றுக்கு விடை எழுதியிருந்தனர். அவ்வினாக்களில் ஒரு பகுதி ‘தற்கடத்தல்’ என்னும் பண்பை அளப்பது. ஒருவன் தன்னை மறந்து ஒன்றில் ஈடுபடும் இயல்பு, உலகனைத்தோடும் தான் ஒன்றென உணரும் இயல்பு, சான்று காட்ட இயலாதவற்றையும் ஏற்கும் இயல்பு என மூன்று கூறுகள் அதில் அடங்கும். ஹேமர் அவ்விடைகளுக்குக் கிடைத்த புள்ளிகளையும், மூளையின் தூது இரசாயனங்களோடு தொடர்புடைய ஒன்பது அலகுகளையும் ஒப்புநோக்கினார். அவற்றுள் ‘வீமாட் 2’ எனச் சுருக்கப் பெயர் பெற்ற அலகில் ஓரிடத்திலே ‘சீ’ என்னும் எழுத்தை உடையோர், அவ்விடத்தில் ‘ஏ’ என்னும் எழுத்தை மட்டும் உடையோரினும் சற்றுக் கூடிய புள்ளி பெற்றிருக்கக் கண்டார். இதுவே அந்நூலின் கருப்பொருள்.

ஆசிரியர்க்கு உரிய நியாயத்தையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ நிறுவத் தாம் புகவில்லை என்று அவர் தெளிவாகவே எழுதுகிறார். சமயம் என்பது மரபு வழியும் கல்வி வழியும் வருவது, ஆன்மிக நாட்டமே பிறப்போடு தொடர்புடையது என வேறுபடுத்துகிறார். வீமாட் 2 ஒன்றே போதுமானதன்று, வேறு பல அலகுகளும் இருத்தல் வேண்டும் என்றும் ஒப்புக்கொள்கிறார். நூலின் உள்ளே இத்துணை எச்சரிக்கை இருக்க, முகப்பிலோ ‘கடவுட் பரம்பரையலகு’ என ஒருமையிற் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நூலைப் படித்தவர் சிலர். பெயரைப் படித்தவர் பலர். உள்ளே ‘பலவற்றுள் ஒன்று’ எனக் கூறிய உண்மை, முகப்பிலே ‘ஒன்றே’ எனத் திரிந்துவிட்டது. நூலின் முதற் குறை இதுவாகும்.

அவ்வலகு செய்யும் தொழில்

ஓர் அலகுக்குப் பெயரிட விரும்புவோர் முதலில் அது செய்யும் தொழிலை அறிதல் வேண்டும். வீமாட் 2 பத்தாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் பொறிப்பின்படி ஆகும் புரதம் நரம்புக்கலங்களினுள்ளே ஒரு சுமையேற்றுவோனைப் போலத் தொழிற்படுகின்றது. டோபமைன், செரோட்டோனின், நோரதிரனலின், இசுட்டமைன் ஆகிய தூதுப் பொருள்களைக் கலத்திலுள்ள நுண்ணிய பைகளில் ஏற்றிவைப்பது அதன் வேலை. ஏற்றிவைத்த பை உரிய வேளையில் நரம்பு முனையில் திறக்கும். அப்பொழுதே ஒரு நரம்புக்கலத்தின் செய்தி அடுத்ததற்குச் செல்லும்.

இத்தூதுப் பொருள்கள் தனித்தனி எத்துணைப் பணிகளிற் பங்குகொள்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போம். டோபமைன் இல்லையேல் கை கால் அசைவு சீர்குலையும், ஊக்கமும் குன்றும். செரோட்டோனின் உறக்கம், பசி, மனநிலை ஆகியவற்றோடு தொடர்புடையது. நோரதிரனலின் விழிப்பு, அச்சம், இரத்த அழுத்தம் ஆகியவற்றிற் பங்குகொள்வது. எனவே வீமாட் 2 என்னும் ஒரே அலகிற் குறை நேருமாயின் நடை, உறக்கம், மனநிலை, ஊக்கம், பசி, குருதியோட்டம் என யாவும் ஒருங்கே பாதிப்புறும். ஓர் அலகு பல பண்புகளைத் தொடுவதை ‘பல்விளைவு’ எனலாம். கிரெகர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்விலேயே இதன் முதற் சாயலைக் காண்கிறோம். நிறமுள்ள விதையுறை, ஊதா நிறப் பூ, இலைக்கக்கத்திற் செம்மை ஆகிய மூன்றும் எப்பொழுதும் சேர்ந்தே வரக் கண்டார் அவர். 1910இல் யேர்மனிய அறிஞர் லுட்விக் பிளேற் இதற்கெனக் கலைச்சொல் ஒன்றை ஆக்கினார்.

இதனை விளக்க வெளியூர் உவமை வேண்டியதில்லை. குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் புனரமைப்பு வேலை நடைபெற்ற காலத்தில், கிண்ணியாவுக்குச் செல்வோர் இழுவைப் பாதையிலேயே நீரைக் கடந்தனர். பள்ளிச் சிறுவர், நோயாளர், மீன் கொண்டு செல்வோர், அலுவலகம் செல்வோர், தொழுகைக்குச் செல்வோர் ஆகிய அனைவரையும் ஏற்றியது அவ்வொரு பாதையே. 2021 நவம்பர் 23ஆம் நாள் அது கவிழ்ந்து பள்ளிச் சிறுவரை நாம் இழந்தோம். ஒரு பாதையில் எத்தனை வீட்டாரின் வாழ்வு தங்கியிருக்கும் என்பதை இவ்வூரார்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. பாதை இயங்காத நாளிற் பள்ளி வரவு குறையும், சந்தை வெறிச்சோடும், மருந்துக்குச் செல்வோர் தவிப்பர். அதற்காக அதனைக் ‘கல்விப் பாதை’ என்றோ ‘மருந்துப் பாதை’ என்றோ ஒருவர் பெயரிட்டால் ஏற்போமா? தொழுகைக்குச் செல்வோரை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு ‘தொழுகைப் பாதை’ எனப் பெயரிடுவதே ஹேமர் செய்தது. அவர் கண்டது பொய்யென்று கூற வேண்டியதில்லை. பாதையிற் சென்ற பலருள் ஒருவரை மட்டும் அவர் கண்டார். அவர் பெயரையே பாதைக்கும் சூட்டிவிட்டார்.

சர்ப்பகந்தா கூறும் சான்று

நூலாசிரியர் கோட்பாட்டைச் சோதிக்க நம் நாட்டு மூலிகை ஒன்று எதிர்பாராத வகையில் உதவுகின்றது. சர்ப்பகந்தா எனப்படும் சிறு செடியைச் சிங்கள மருத்துவர் ஏகவெரிய என்பர். பாம்புக்கடிக்கும் பித்துக்கும் அதன் வேரைக் கொடுக்கும் வழக்கம் நம் பாரம்பரிய வைத்தியரிடம் நெடுங்காலம் இருந்தது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காள அறிஞர் இருவர், மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் அவ்வேர் பயன்படுதலை எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், பிரித்தானிய இதய மருத்துவச் சஞ்சிகையிலே தம் அனுபவத்தை வெளியிட, உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிற்சர்லாந்துச் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அடுத்த சில ஆண்டுகளில் அது உலகெங்கும் இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் மருந்தாயிற்று.

ரெசர்ப்பின் உடலிற் செய்வது யாது? நாம் மேலே கண்ட அதே சுமையேற்றும் புரதத்தைத் தடுத்து நிறுத்துகின்றது. பைகள் நிரம்புவதில்லை; தூதுப் பொருள்கள் வீணாகின்றன. சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1957இல் ரெசர்ப்பின் கொடுத்த முயல்கள் காது தொங்க அசைவற்றுக் கிடந்தமையையும், டோபமைனுக்கு மூலமான லெவோடோபாவைக் கொடுத்ததும் அவை எழுந்து இயங்கியமையையும் காட்டினார். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து காண வழிகோலிய இவ்வாராய்ச்சித் தொடருக்காக 2000ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

வீமாட் 2 கடவுள் உணர்வுக்கே உரிய அலகாயின், ரெசர்ப்பின் உட்கொண்ட பெருந்தொகை மக்களின் கடவுள் உணர்வும் ஓரளவேனும் தடைப்பட்டிருத்தல் வேண்டும். மருத்துவ நூல்கள் அம்மருந்தின் பக்கவிளைவுகளாகக் குறிப்பன மூக்கடைப்பு, உறக்கச் சோர்வு, வயிற்றோட்டம், நடுக்கம், மனச்சோர்வு முதலியனவே. பக்திக் குறைவு அப்பட்டியலில் இல்லை. இவ்வாதம் முற்றான மறுப்பன்று என்பதை நாமும் உணர்வோம். மருத்துவர் நோயாளியின் நாடியைக் கேட்டாரேயன்றி வழிபாட்டைக் கேட்கவில்லை. கேளாத வினாவுக்கு விடை கிடைக்காது. எனினும் ஓர் உண்மை தெளிவாகின்றது. அவ்வலகின் வேலை தடைப்படும்போது முன்னே வந்து நிற்பன அசைவும் உறக்கமும் மனநிலையுமே.

மனச்சோர்வு பற்றியும் எளிய முடிபு கிட்டவில்லை. ரெசர்ப்பின் மனச்சோர்வை உண்டாக்கும் என்பது 1950களிற் பரவலான கருத்தாயிருந்தது. ஆயின் 1955இல் டேவிஸ், ஷெப்பேட் என்னும் பிரித்தானிய மருத்துவர் இருவர், கவலையும் சோர்வும் உற்ற நோயாளர்க்கு அம்மருந்து நலம் பயந்ததாக எழுதினர். ஒரே புரதத்தைத் தடுக்கும் ஒரே மருந்து சிலரிடம் சோர்வையும் வேறு சிலரிடம் நலத்தையும் தந்ததெனின், அப்புரதத்துக்கும் மனநிலைக்கும் இடையிலுள்ள வழி நேர்வழியன்று என்பது போதரும். மனநிலையே இவ்வாறாயின், வழிபாட்டுணர்வை அவ்வலகோடு நேராகப் பிணைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

எண்ணும் அளவும்

இனி, ஹேமர் கண்ட வேறுபாட்டின் அளவை நோக்குவோம். அவர் கூறிய எழுத்து மாற்றம், மக்களிடையே காணப்பட்ட தற்கடத்தற் புள்ளி வேறுபாட்டில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவானதையே விளக்குகின்றது. நூறு உரூபாய்க் கணக்கில் ஓர் உரூபாய்க்குங் குறைவாகக் கணக்குக் காட்டிய ஒருவரைக் கணக்குத் தீர்த்தவராக எவரும் கொள்ளார். மேலும் அம்முடிபு அறிஞர் குழுவின் பரிசீலனைக்கு உட்பட்ட ஆய்விதழ் ஒன்றிலே முதலில் வெளிவரவில்லை. பொதுமக்கள் வாசிக்கும் நூலாகவே வந்தது. அறிவியல் எழுத்தாளர் கார்ல் சிம்மர் இவ்விரு குறைகளையும் அக்காலத்திலேயே எடுத்துக்காட்டினார்.

ஒன்பது அலகுகளை ஆராய்ந்து ஒன்றிலே தொடர்பு கண்டமையும் சிந்திக்கத்தக்கது. இருபதுக்கு ஒருமுறை தற்செயலாக நேரக்கூடியதையும் சான்றாகக் கொள்வது ஆய்வாளரிடையே நிலவும் ஒரு வழக்கு. உண்மையில் எத்தொடர்பும் இல்லாத ஒன்பது பொருள்களை அவ்வளவையால் ஒவ்வொன்றாகச் சோதித்தால், ஏதாவதொன்று தொடர்புடையதுபோலத் தோன்றுதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 37 ஆகும். க.பொ.த. உயர்தரத்திற் கணிதம் பயிலும் மாணவன் இதனைத் தானே கணித்து அறியலாம். ஆதலாற்றான் ஒரு முடிபை வேறு மக்களிடம் வேறு ஆய்வாளர் மீண்டும் சோதித்தல் இன்றியமையாததாகின்றது.

வியப்புக்குரியது யாதெனின், இத்தகைய வழுக்களைப் பற்றி எச்சரித்தோருள் ஹேமரும் ஒருவர். 2000ஆம் ஆண்டில் அவரும் ஸிரோட்டா என்பவரும் ‘உணவுக்குச்சி அலகு’ பற்றி எழுதினர். ஒரு நகரத்தில் உணவுக்குச்சியால் உண்போரையும் உண்ணாதோரையும் கூட்டி அலகுகளை ஒப்பிட்டால், கீழைநாட்டாரிடம் மிகுதியாகக் காணப்படும் ஏதோ ஓர் அலகு குச்சியால் உண்ணுதற்குக் காரணம்போலத் தோன்றும். உண்மைக் காரணமோ வீட்டு வழக்கமேயன்றி வேறன்று. நம் நாட்டிலே ஒருவர் நாள்தோறும் பிட்டு உண்போரையும் உண்ணாதோரையும் கூட்டிச் சோதித்தால், ‘பிட்டு அலகு’ ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதில் ஐயமில்லை. இத்துணைத் தெளிவாக எச்சரித்தவர் நான்கு ஆண்டுகளின் பின் தம் நூலுக்கு அத்தகைய பெயரையே சூட்டியமை வருந்தத்தக்கது.

பிற்கால ஆராய்ச்சிகள் இவ்வையத்தை உறுதிப்படுத்தின. மனச்சோர்வோடு தொடர்புடையவை எனப் பல்லாண்டுகள் பேசப்பட்ட 18 அலகுகளை, இலக்கக்கணக்கான மக்களின் தரவுகளைக்கொண்டு 2019இல் ஓர் ஆய்வுக் குழுவினர் சோதித்தனர். தற்செயலாக எடுத்த வேறு அலகுகளினும் அவை சிறந்தன அல்ல எனக் கண்டனர். உடலின் உயரம் போன்ற, நாடாவால் அளக்கக்கூடிய எளிய பண்புக்கே 2022இல் 54 இலட்சம் மக்களின் தரவுகளை ஆராய்ந்து 12,111 எழுத்து வேறுபாடுகள் பங்குடையன எனக் கண்டனர். உயரத்துக்கே பன்னீராயிரம் வேண்டுமாயின் பக்திக்கு ஒன்று போதுமோ?

இதனாற் பிறப்பின் பங்கு இல்லை என்றாகாது. இரட்டையர் ஆய்வுகள் பல குணங்களிற் பிறப்புக்கும் கணிசமான பங்குண்டு எனக் காட்டுகின்றன. தற்கடத்தற் புள்ளியிலும் அப்பங்கு உண்டென்பதை அவுஸ்திரேலிய இரட்டையரைக்கொண்டு 1999இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. நம் கூற்று அதற்கு மாறானதன்று. ஓர் அலகு பல பண்புகளைத் தொடும்; ஒரு பண்பைப் பல அலகுகள் தொடும். இவ்விரண்டும் சேர்ந்து பின்னிய வலையிலே ஒரு நூலைப் பிடித்து இழுத்து ‘இதுவே வலை’ என்பது பொருந்தாது என்பதே நம் கூற்று.

அளந்த பொருள் யாது?

அலகு ஒருபுறம் இருக்க, அளக்கப்பட்ட குணத்தையும் ஆராய்தல் வேண்டும். சிவராத்திரியிற் கோணேசர் சந்நிதியில் கண்ணீர் மல்கி நிற்பவர், நள்ளிரவிலே தனித்திருந்து இறைவனை நினைக்கும் முஸ்லிம் பெரியவர், விகாரையில் தியானத்தில் அமரும் உபாசகர், கடற்கரையிலே அந்திவானத்தைக் கண்டு தன்னை மறக்கும் நாத்திகர் ஆகிய நால்வரும் அவ்வினாக்கொத்திலே ஏறக்குறைய ஒத்த புள்ளி பெறல் கூடும். ஐந்தாவதாக ஒரு தாயைக் கருதுவோம். அவள் காட்சி எதுவும் கண்டிலள். உலகோடு ஒன்றிய உணர்வும் பெற்றிலள். இறைவனுக்கு அஞ்சிப் பொய் கூறாதவள்; அயல்வீட்டு நோயாளிக்கு நாள்தோறும் கஞ்சி கொடுப்பவள். அவள் பெறும் புள்ளி குறைவாகவே இருக்கும். சமயம் என்று நம் முன்னோர் எதனைக் கருதினரோ அது அவளிடமே நிறைந்துள்ளது. அளவுகோலோ அவளை அளக்கவில்லை. ஓர் உணர்வு நிலையை அளந்துவிட்டுக் கடவுள் நம்பிக்கையை அளந்ததாகப் பெயரிடுதல், முழக்கோலால் நெல்லை அளந்தது போலும்.

நோயுற்ற குழந்தைகள் காட்டிய வழி

இதுகாறும் குறைகளையே கூறினோம். வீமாட் 2 உண்மையில் மனித நடத்தையை எவ்வாறு தொடுகின்றது என்பதற்குச் சிறந்த சான்று 2013ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. சவூதி அரேபியாவைச் சேர்ந்த, உறவுக்குள்ளேயே மணம் புரிந்த குடும்பமொன்றிற் பல பிள்ளைகள் சிறு வயதிலேயே விளங்காத நோயொன்றாற் பீடிக்கப்பட்டனர். நடக்க இயலவில்லை, உடல் விறைத்தது, வளர்ச்சி பின்தங்கியது, மனநிலை குலைந்தது, உடலின் தன்னியக்கப் பணிகளும் தடுமாறின. வெளியிலிருந்து நோக்குவார்க்கு இவை வெவ்வேறு குறைகள். ஆராய்ந்தபோது தாய் வழியும் தந்தை வழியும் வந்த இரு பிரதிகளிலும் வீமாட் 2 அலகில் ஒரே விகாரம் இருக்கக் கண்டனர்.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெளிவாயிற்று. லெவோடோபா கொடுத்தபோது நிலை மோசமாயிற்று. பைகளில் ஏற்றுவோன் இல்லாதபோது சரக்கை மட்டும் மேன்மேலும் குவித்தலாற் பயன் என்ன? ஏற்றுமதி வழியையே விடுத்து, டோபமைன் செய்யும் வேலையைத் தானே நேராகச் செய்யும் வேறொரு மருந்தைக் கொடுத்தனர். நடக்க இயலாதிருந்த பிள்ளைகள் நடந்தனர். தடைப்பட்ட வளர்ச்சி மீண்டும் தொடங்கிற்று.

இரு ஆராய்ச்சிகளும் ஒரே அலகைப் பற்றியன. ஒன்று நலமுள்ள மக்களின் சிறு வேறுபாடொன்றை எடுத்துப் பெரும் பெயர் சூட்டிற்று. அதனால் எவர்க்கும் நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை. மற்றொன்று அலகின் தொழிலைத் துருவி அறிந்து, அதன் பல்விளைவுகளையும் ஒருங்கே நோக்கி, கிடந்த பிள்ளையை எழுப்பி நடக்கவைத்தது. பரம்பரையியலின் பெருமை இரண்டாவதிலேயே உள்ளது. உறவு மணம் நிலவும் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இவ்விரண்டாவது வகை அறிவு மிகவும் வேண்டற்பாலது. பெற்றோர் இருவரும் ஒரே மூதாதையர் வழியில் வந்தோராயின், அரிய விகாரம் ஒன்று இரு பிரதிகளிலும் சேர்தற்கான வாய்ப்பு மிகுகின்றது. குடும்பத்திற் காணும் நோயை ஊழென்றும் சாபமென்றும் மறைக்காது மருத்துவரிடம் கூறுதற்கு அவ்வறிவு துணிவு தரும்.

பள்ளிக்கூடத்தில் இதன் பொருள்

‘அவன் தகப்பனுக்கும் படிப்பு ஏறவில்லை, இவனுக்கு எப்படி ஏறும்?’ என்னும் சொல் ஆசிரியர் ஓய்வறைகளிற் புதியதன்று. முன்னர் அது குலத்தின் பெயராற் கூறப்பட்டது. பின்னர் கிரகநிலையின் பெயராற் கூறப்பட்டது. இன்று மரபணுவின் பெயராற் கூறப்படுகின்றது. பிள்ளையின் திறமைகளை அலகுச் சோதனையால் முன்கூட்டியே அறிந்து தருவோம் என விளம்பரம் செய்வோரும் உளர். சொல்லின் உடை மாறியது, சொல் மாறவில்லை. அச்சொல்லைக் கேட்ட பிள்ளை தன்னைப் பற்றி அதனையே நம்பத் தொடங்குவதுதான் பெருந்தீங்கு.

ஓர் அலகு எத்தனை பண்புகளைத் தொடுகின்றது என்பதை அறிந்த ஆசிரியர் அவ்வாறு கூறத் தயங்குவார். வகுப்பிலே உறங்கி விழும் பிள்ளையை ‘சோம்பேறி’ என்று கூறுமுன், அவனது உறக்கம், உணவு, நடை, மனநிலை ஆகியவற்றையும் நோக்குவார். ஒன்றாகத் தோன்றும் குறைக்குப் பல காரணங்களும், பலவாகத் தோன்றும் குறைகளுக்கு ஒரே காரணமும் இருத்தல் கூடும். அக்காரணம் அலகாயினும் அது முடிந்த முடிபன்று. இரண்டு பிரதிகளிலும் விகாரம் உடைய பிள்ளையே தக்க மருந்தால் எழுந்து நடந்ததாயின், நலமுள்ள பிள்ளையின் வருங்காலத்தை ஓர் எழுத்தைக் கொண்டு தீர்ப்பிடுதல் அறிவுமன்று, அறமுமன்று.

சமய வாழ்விலும் இது பொருந்தும். மனச்சோர்வுற்ற ஒருவர்க்கு வழிபாட்டிலே மனம் பொருந்தாதிருத்தல் உண்டு. அவரை நம்பிக்கை குன்றியவர் என இகழ்வதும், அவரிடம் ‘கடவுள் அலகு’ இல்லை என்று கூறுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். மனிதனின் ஒரு நாளைய நிலையை அவனது முழு இயல்பாகக் கொள்வதே அத்தவறு. அவர்க்கு வேண்டுவது மருத்துவமும் அயலாரின் அன்பும்.

முடிவாகக் கூறுமிடத்து, ஹேமரின் நூல் பயனற்றதென யாம் கொள்ளவில்லை. உயிரியலும் உள்ளத்து உணர்வும் ஒன்றையொன்று தொடும் இடமொன்றைச் சுட்டிக்காட்டிப் பலரையும் சிந்திக்கவைத்தது அது. ஆயின் சுட்டிய விரலை நிலவென்று காட்டிற்று. வீமாட் 2 கடவுளுக்கு உரிய அலகுமன்று, கடவுளுக்கு எதிரான அலகுமன்று. நடக்கவும் உறங்கவும் மகிழவும் அஞ்சவும் நினைக்கவும் வணங்கவும் நமக்கு உதவும் எண்ணிறந்த கருவிகளுள் அது ஒன்று. ‘தாயைப் போலப் பிள்ளை’ என்ற மூதாட்டி, அப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் தவறவில்லை. அவளது அறிவு நமக்கும் வாய்ப்பதாக.